விரல் நடுக்கம்

ஞாயிற்றுக்கிழமைகளில் இசைவாணி தனக்கு எதிராகத் தானே கேரம் ஆடுவாள். ஒரு பக்கம் உட்கார்ந்து வெள்ளைக்காயை அடிப்பாள். காய் விழாவிட்டால் எழுந்து, மேசையைச் சுற்றிப் போய், எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கறுப்புக்காயை அடிப்பாள். இரண்டு பக்கத்துக்கும் ஓரவஞ்சனை காட்டமாட்டாள். எந்தப் பக்கம் ஜெயித்தாலும் கதவைத் திறந்து சொல்வதற்கு ஆள் கிடையாது.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. திருக்காட்டுப்பள்ளிக்கு வடக்கே, கொள்ளிடக் கரையோரமாக இருந்த ஒரு சின்ன ஊருக்கு வி.ஏ.ஓ.வாக வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. சொந்த ஊர் கீழ்வேளூர் பக்கம். அப்பாவும் அம்மாவும் மற்றவர்கள் வயலில் நட்டு அறுத்துத்தான் அவளைப் படிக்க வைத்தார்கள். இங்கே ஒரு மாடியில் ஒற்றை அறை. பகல் முழுக்க அவளைச் சுற்றி ஆட்கள்தான். பட்டா மாறுதல், அடங்கல் நகல், வருமானச் சான்று என்று ஒன்று மாற்றி ஒன்று. சாயங்காலம் ஆபீஸைப் பூட்டிவிட்டுத் தெருவில் நடந்தால், அதே ஆட்கள் "வணக்கம் மேடம்" என்று மரியாதையாக ஒதுங்கி வழிவிடுவார்கள். அந்த மரியாதையைத் தாண்டி அவளிடம் யாரும் வந்ததில்லை. சில ஞாயிறுகளில் காலையிலிருந்து ராத்திரி வரை அவள் குரலை அவளே கேட்டிருக்கமாட்டாள்.

கேரம் போர்டைத் தஞ்சாவூரில் வாங்கி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தாள். கண்டக்டர் அதற்குத் தனியாக லக்கேஜ் டிக்கெட் போட்டார்.

திருவாரூரில் கல்லூரி படிக்கும்போது அவளும் அனீஸாவும் இரட்டையர் ஆட்டத்தில் ஜோடி. ஹாஸ்டலில் ஒரே அறை. கேரமில் ஜோடியாக ஆடுகிறவர்கள் பக்கத்தில் உட்காருவதில்லை, எதிரெதிரே உட்காருவார்கள். அதனால் எந்தப் போட்டிக்குப் போனாலும், ஸ்ட்ரைக்கரை வைத்துவிட்டு நிமிர்ந்தால் இசைவாணிக்கு அனீஸாவின் முகம்தான் தெரியும். அவள் கண்ணைச் சிமிட்டுவாள், அல்லது மூக்கைச் சுளிப்பாள். இசைவாணி அடிப்பாள். காய் விழும். மூன்று வருடம் அப்படி ஓடியது. பிறகு அனீஸாவுக்குக் கல்யாணமாகி மஸ்கட் போனாள். அங்கே ஒரு லேபில் வேலையும் கிடைத்துவிட்டது. மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்று போன்.

அனீஸா போன பிறகு இசைவாணி ஒரே ஒரு போட்டியில் தனியாக ஆடினாள். இரண்டு வருடத்துக்கு முன்னால், கும்பகோணத்தில். நிமிர்ந்து பார்த்தபோது எதிரே அனீஸா இல்லை. யாரோ ஒருத்தி, முகத்தில் எதையும் காட்டாமல் உட்கார்ந்திருந்தாள். இசைவாணியின் நெஞ்சு அடித்துக்கொண்டது. வலது கை ஆள்காட்டி விரல் ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் வீணைத் தந்தி போல ஆடியது. நடுக்கம் நிற்கட்டும் என்று காத்திருந்தாள். காத்திருக்கக் காத்திருக்க அது கூடியது. நான்கு முறை ஸ்ட்ரைக்கரே குழியில் விழுந்தது. ஒரு புள்ளிகூட எடுக்காமல் முதல் சுற்றிலேயே தோற்று, பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றாள். இதை அவள் அனீஸாவிடம்கூடச் சொல்லவில்லை.

அதன்பிறகு கதவைச் சாத்திக்கொண்டு ஆடுவதோடு சரி.

இந்த வருடம் ஆடி பிறந்ததும், அரசு ஊழியர்களுக்கான மாவட்ட விளையாட்டுப் போட்டிக்குப் பேர் கேட்டு தாலுகா ஆபீஸிலிருந்து தகவல் வந்தது. அவளுடைய கிராம உதவியாளர் சிங்காரவேலு எப்போதோ அடங்கல் நோட்டு கொடுக்க வந்தபோது அறையில் போர்டைப் பார்த்திருந்தார். ஐம்பத்து நாலு வயது, யாரையும் கேட்டு எதையும் செய்கிற வழக்கமில்லாதவர்.

"மேடம், கேரத்துக்கு உங்க பேரக் குடுத்துட்டேன்."

"யாரக் கேட்டுண்ணே குடுத்தீங்க?"

"நம்ம பிர்க்காவுல யாருமே பேரு தரலயாம். ஆர்.ஐ. கத்திக்கிட்டு இருந்தாரு. நீங்கதான் ஆடுவீங்களே."

"எனக்குப் போட்டியெல்லாம் ஒத்துவராதுண்ணே. எடுத்துடச் சொல்லுங்க."

"லிஸ்ட் கலெக்டர் ஆபீஸ் போயிடுச்சு மேடம்" என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

அன்றைக்கே விரல் ஆட ஆரம்பித்துவிட்டது. போட்டிக்கு இருபது நாள் இருந்தது. மனதை அமைதியாக வைத்துக்கொள்வது எப்படி என்று போனில் நிறைய வீடியோ பார்த்தாள். மூச்சை இழுத்து, நிறுத்தி, விடச் சொன்னார்கள். செய்து பார்த்தாள். மூச்சை நிறுத்தும்போது நெஞ்சு அடிப்பது இன்னும் சத்தமாகக் கேட்டது. நூறிலிருந்து பின்னோக்கி எண்ணினாள். அறுபதுக்கு வரும்போது கும்பகோணம் ஞாபகம் வந்தது. மெடிக்கல் ஷாப்பில் கை நடுக்கத்துக்கு மாத்திரை கேட்டாள். டாக்டர் சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்றார் கடைக்காரர். அவர் அவளிடம் இரண்டு சான்றிதழ் வாங்கியவர், அதனால் சொல்லும்போது நெளிந்தார்.

பதினொரு நாள் இருக்கும்போது கொள்ளிடத்தில் தண்ணீர் வந்தது.

மேட்டூரில் திறந்தது முந்தின நாளே தெரியும். ஆனால் மத்தியானம் இரண்டு மணிக்கு வந்த போனில், இன்னும் மூன்று மணி நேரத்தில் படுகை முழுகும், ஒரு ஆள் உள்ளே இருக்கக்கூடாது என்றார்கள். ஆற்றுக்கும் கரைக்கும் நடுவில் இருந்த தாழ்வான அந்த நிலத்தில் இருபத்து மூன்று குடிசைகள், வாழைத் தோட்டங்கள். இசைவாணியும் சிங்காரவேலுவும் மோட்டார் சைக்கிளில் போய் இறங்கினார்கள். அவள் வீடு வீடாக ஓடினாள். "ஸ்கூலுக்குப் போங்க, அரிசி பருப்பெல்லாம் அங்க வருது, சாமான் அப்புறம் பாத்துக்கலாம்" என்று தொண்டை கட்டும் வரை கத்தினாள். ஒரு டிராக்டரை மறித்து, பிள்ளைகளை ஏற்றினாள். இந்த வீட்டில் நாலு பேர், அந்த வீட்டில் ஆறு பேர் என்று தலை எண்ணிக்கை மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு எண்ணும் தப்பவில்லை.

கடைசியில் காத்தாயி என்ற பெண் மட்டும் வரமாட்டேன் என்று நின்றாள். வாழைத் தோட்டத்தின் கீழ்ப்பக்கம் அவளுடைய கறவை மாடு கட்டியிருந்தது. அவள் கணவன் திருப்பூரில். அவளுக்கோ கணுக்கால் சுளுக்கி வீங்கியிருந்தது.

"மாட்ட விட்டுட்டு நான் எங்கயும் வரல. நீங்க போங்க."

"எந்தப் பக்கம் கட்டியிருக்கீங்க, சொல்லுங்க."

"நீங்க போவாதீங்கம்மா, முட்டும்."

இசைவாணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். முழங்கால் அளவு தண்ணீர் வந்துவிட்டிருந்தது. மாடு மிரண்டு முளைக்குச்சியைச் சுற்றிச் சுற்றி வந்ததில் நைலான் கயிறு இறுகிப் போயிருந்தது. அவள் கை உதறியது. நெஞ்சு காது வரைக்கும் அடித்தது. உதறுகிற விரல்களாலேயே முடிச்சைப் பிடித்து, நகத்தைக் கொடுத்து, இழுத்து அவிழ்த்தாள். மாடு அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடியது.

ஐந்து மணிக்குப் படுகையில் வாழைக் குலைகள்தான் தெரிந்தன. பள்ளிக்கூட வராந்தாவில் எண்பத்தேழு பேரும் இருந்தார்கள். சிங்காரவேலு அவளுக்கு ஒரு டீயை நீட்டினார்.

"தப்பா நெனைக்காதீங்க மேடம். இன்னைக்கு உங்க மொகத்தப் பாத்தா, கல்யாண வீட்டுல பந்திக்கு ஓடுற ஆளு மாதிரி இருந்துச்சு."

"என்னண்ணே பேசுறீங்க. சனங்க வீடு வாசலெல்லாம் தண்ணியில போவுது."

"அதான் தப்பா நெனைக்காதீங்கன்னேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. அந்த மூன்று மணி நேரமும் அவள் தனியாக இருப்பதாகவே நினைக்கவில்லை. பயம் இருந்தது, நிறையவே இருந்தது. கூடவே, ஓடு ஓடு என்று உள்ளே ஒரு துள்ளலும் இருந்தது. மறுநாள் காலை பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் பொங்கல் பரிமாறுகிறபோது அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். கும்பகோணத்தில் நடுங்கியதும் இந்தக் கைதான். நேற்று முடிச்சை அவிழ்க்கும்போது இருந்ததும் இதே நடுக்கம்தான். அங்கே அது நிற்கவேண்டும் என்று காத்திருந்தாள். இங்கே காத்திருக்க நேரமில்லை.

நான்கு நாளில் தண்ணீர் வடிந்தது. ஜனங்கள் சேற்றை வழித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். காத்தாயியின் குடிசைக்குத் தார்ப்பாய் வந்து சேர்ந்ததைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் விடியலில், இசைவாணி ஆற்றங்கரை மேல் ஓட ஆரம்பித்தாள். கரையில் வந்த ஒரு விவசாயி சைக்கிளைப் போட்டுவிட்டுப் பதறினார்.

"என்ன மேடம், எங்கயாச்சும் ஒடப்பா?"

"இல்லங்க, சும்மா ஓடுறேன்."

அவர் நம்பாமல் கரையைப் பார்த்துக்கொண்டே போனார்.

நெஞ்சு வெடிப்பது போல அடிக்கும்வரை ஓடி, மாடிப்படி ஏறி, தண்ணீர்கூடக் குடிக்காமல் போர்டின் முன்னால் உட்கார்ந்தாள். மூச்சிரைக்க, விரல் ஆட, அடித்தாள். முதல் மூன்று நாள் ஒரு காய்கூடச் சரியாகப் போகவில்லை. நாலாம் நாள் ஒன்று புரிந்தது. ஸ்ட்ரைக்கரை வைத்து, பார்த்து, உடனே அடித்தால் காய் போகிறது. நடுக்கம் அடங்கட்டும் என்று விரலை இறுக்கினால்தான் கோணிக்கொள்கிறது. விரல் ஆடுகிறதா, ஆடட்டும். அதன் போக்கிலேயே அடித்துவிடவேண்டும். அன்றைக்கு எதிர் நாற்காலிக்குப் போகாமல் ஒரே பக்கத்தில் இருந்தே பத்தொன்பது காயையும் போட்டு முடித்தாள். முடித்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

போட்டியன்று சனிக்கிழமை. கண்டியூர் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினாள். வழியில் குறுவை அறுவடைக்கு நின்றது. மெஷின்களை வரப்போரம் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அவள் எதையும் பார்க்கவில்லை. தஞ்சாவூர் விளையாட்டு அரங்கத்தில் நுழையும்போது, ஓடியது, பழகியது எல்லாம் மறந்து போயிற்று. எல்லா ஆபீஸிலிருந்தும் கும்பல் கும்பலாக வந்திருந்தார்கள். ஒரே மாதிரி டீ-ஷர்ட், ஒரே தூக்கில் இட்லி. அவள் ஒரு தூணோரம் ஒதுங்கி அனீஸாவைக் கூப்பிட்டாள். மஸ்கட்டில் அப்போது மணி ஏழரை. அனீஸா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். லைன் விட்டு விட்டு வந்தது.

"அனீஸா, நான் தஞ்சாவூர்ல இருக்கேன்டி. கேரம் மேட்ச். சிங்கிள்ஸ்."

"அடிப்பாவி! சொல்லவே இல்ல?"

"நெஞ்சு படபடன்னு இருக்குடி."

"என்ன? கேக்கல. பரபரன்னு இருக்கா?" அனீஸாவின் குரல் துள்ளியது. "இருக்காதா பின்ன? எத்தன வருஷம் கழிச்சு ஆடுற! எனக்கே இங்க பரபரங்குது. போடி, போய் ஆடு. வண்டி வந்துடுச்சு, வெக்கிறேன்."

இசைவாணி போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். திருத்திச் சொல்ல வாயெடுத்தாள். லைன் போய்விட்டது. தப்பாகத்தான் கேட்டிருக்கிறாள், ஆனால் தப்பில்லை என்று தோன்றியது. படுகைக்குள் ஓடும்போது இருந்தது இதேதானே. "பரபரன்னு இருக்கு" என்று மெதுவாகத் தனக்கே சொல்லிப் பார்த்தாள். பக்கத்தில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். "ஆமாங்க, எனக்கு மேட்ச் இருக்கு" என்று அவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

முதல் ஆட்டத்தில் எதிரே உட்கார்ந்தவர் கருவூலத்துப் பெண். இசைவாணியின் விரல் ஆடியது. வைத்தாள், பார்த்தாள், அடித்தாள். முதல் காய் விழுந்ததும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்த ஆட்டத்தை ஜெயித்தாள். அடுத்ததையும் ஜெயித்தாள். நடுவில் வெளியே போய்த் தனியாக ஒரு தயிர்சாதப் பொட்டலம் சாப்பிட்டாள். நெஞ்சு அடிப்பது ஒரு நிமிடமும் நிற்கவில்லை. நிற்கவேண்டும் என்று அவளும் கேட்கவில்லை.

இறுதி ஆட்டத்தில் எதிரே பிரகதீஸ்வரி. பட்டுக்கோட்டைப் பக்கம் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். நாற்பது வயதிருக்கும். பின்னால் அவர் கணவரும், ஏழெட்டு டீச்சர்களும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இசைவாணிக்குப் பின்னால் சுவர்.

முதல் ஆட்டம் டீச்சருக்கு. இரண்டாவது இசைவாணிக்கு. மூன்றாவது எட்டாம் போர்டு, அதாவது எட்டாவது சுற்று வரைக்கும் இழுத்தது. அதுதான் கடைசி. டீச்சர் பதினேழு, இவள் பதினைந்து. போர்டில் இவளுக்கு ஒரே ஒரு வெள்ளை, நடுவில் சிவப்பு, டீச்சருக்கு இரண்டு கறுப்பு. சிவப்பைப் போட்டு, அடுத்த அடியிலேயே வெள்ளையையும் போட்டால், சிவப்புக்கு மூன்று, மிச்சமிருக்கும் கறுப்புக்கு இரண்டு என்று ஐந்து புள்ளி கிடைக்கும், கோப்பையும் கிடைக்கும். போடாவிட்டால் சிவப்பு திரும்ப நடுவுக்கு வந்துவிடும்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே டீச்சரின் முகம். கண் சிமிட்ட யாருமில்லை. கூட்டம் பேச்சை நிறுத்தியிருந்தது. இசைவாணிக்கு நெஞ்சு காதில் கேட்டது. இந்த உலகத்தில் இப்போது வேறு எங்கேயும் இருக்கவேண்டாம் என்று இருந்தது. அடித்தாள். சிவப்பு போர்டின் சட்டத்தில் தட்டி, மெதுவாக நகர்ந்து, குழி விளிம்பில் யோசித்து, விழுந்தது.

வெள்ளை இவள் பக்கத்துக் கோட்டுக்கு உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது. எதிர்ச்சட்டத்தில் அடித்துத் திரும்பி வந்து எடுக்கவேண்டும், பேக் ஷாட். வைத்தாள், பார்த்தாள், அடித்தாள். ஸ்ட்ரைக்கர் போய்த் திரும்பியது. வெள்ளையைத் தொட்டது. காய் நகர்ந்து, குழியின் உதட்டைத் தொட்டு, அங்கேயே நின்றது. அரை நூல் போதவில்லை. பவுடர் அந்தப் பக்கம் கொஞ்சம் குறைவாக இருந்ததை அவள் கணக்கில் எடுக்கவில்லை. விரல் செய்த தப்பில்லை.

டீச்சர் மூன்று அடியில் முடித்துவிட்டார். ஒரு கறுப்பு, சிவப்பு, இன்னொரு கறுப்பு. கைதட்டல் எழுந்தது.

இசைவாணி கை நீட்டினாள். பிரகதீஸ்வரி அதைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. உள்ளங்கை ஈரமாக, ஜில்லென்று இருந்தது.

"நீங்க எப்படிங்க இவ்ளோ தைரியமா ஆடுறீங்க? எனக்குக் கடைசி போர்டுல கண்ணே தெரியல."

"எனக்கும் கையெல்லாம் ஆடிக்கிட்டுதாங்க இருந்துச்சு."

"பொய் சொல்லாதீங்க. சிரிச்சுக்கிட்டே அடிச்சீங்க."

தான் சிரித்தது இசைவாணிக்குத் தெரியாது. அதற்குள் டீச்சர்கள் வந்து பிரகதீஸ்வரியைச் சூழ்ந்துகொண்டார்கள். யாரோ சால்வை போர்த்தினார்கள். போட்டோவுக்கு இசைவாணியையும் இழுத்து ஓரத்தில் நிறுத்தினார்கள். மாநிலப் போட்டிக்கு முதல் இடம் மட்டும்தான் போகும் என்று மைக்கில் அறிவித்தார்கள். நடுவராக இருந்த ஃபாஜில் என்பவர், கீழவாசல் பக்கம் கடை வைத்திருப்பவர், பதக்கத்தோடு ஒரு துண்டுச்சீட்டில் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தார். சனிக்கிழமை சாயங்காலம் அந்தக் கடையில் நாலைந்து பேர் கூடி ஆடுவார்களாம்.

பஸ் ஸ்டாண்டில் மல்லிகை விற்கும் அம்மாவிடம் இரண்டு முழம் வாங்கினாள். வைத்துவிட ஆள் இல்லாததால் தானே கண்ணாடி இல்லாமல் வைத்துக்கொண்டாள். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தோற்றதை நினைத்தாள், வலித்தது. கண்ணில் தண்ணீர்கூட வந்தது. ஆனால் பாத்ரூமில் நின்ற அன்றைக்கு வந்தது போல் இல்லை. அந்த வெள்ளைக்காயை இன்னொரு முறை அடிக்கவேண்டும் என்று விரல் துடித்தது. பக்கத்து சீட்டில் இருந்த பெண்ணிடம் சொல்லலாமா என்று பார்த்தாள். அந்தப் பெண் தூங்கிப் போயிருந்தாள்.

அனீஸாவுக்கு, "செகண்ட்" என்று ஒரு வார்த்தை அனுப்பினாள். இரண்டு நாள் கழித்து நிறையப் பூங்கொத்துப் படங்கள் வந்தன. தனக்கு அக்டோபரில் லீவு கிடைக்கும் போலிருக்கிறது, நிச்சயமில்லை என்றும் எழுதியிருந்தாள்.

சிங்காரவேலு திங்கட்கிழமை பதக்கத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல கனமா இருக்கு" என்றார். அதற்குள் படுகைப் பயிர்ச் சேதக் கணக்கெடுப்புக்கு ஆட்கள் வரிசையில் நின்றுவிட்டார்கள். இரண்டு பேரும் வாழைத் தோட்டங்களுக்கு நடந்தார்கள். அந்த வாரம் முழுக்க வெயிலும் சேற்று வாடையும்தான். யாரும் கேரத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸைப் பூட்டியதும், படியிலேயே உட்கார்ந்து அந்த நம்பருக்குப் போன் செய்தாள். மணி அடிக்க அடிக்க நெஞ்சும் சேர்ந்து அடித்தது.

"ஃபாஜில் அண்ணனா? நான் இசைவாணி. வி.ஏ.ஓ."

"சொல்லுங்கம்மா. அந்த பேக் ஷாட்!"

"நாளைக்கு ஆட வரலாமுங்களா?"

"லேடீஸ் யாரும் வர்றதில்லம்மா. எல்லாம் எங்கள மாதிரி ஆளுங்கதான். உங்களுக்குச் சங்கடமா இருக்குமோ என்னமோ."

"எத்தன மணிக்குங்க?"

"அஞ்சு மணிக்கு."

"வர்றேங்க" என்றாள். போனை வைத்துவிட்டு, சனிக்கிழமை கடைசி பஸ் தஞ்சாவூரிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று கேட்க, டீக்கடை இருந்த பக்கம் நடந்தாள்.